நான் கற்பனை செய்த மகள்

ஜனவரி 9, செவ்வாய்

ஆர்ஸீலியா இன்றும் அழுதாள். டெக்சஸை விட்டுக் கிளம்பும்போது ரயிலில் அழத் தொடங்கியவள், ஏழாம் அத்தியாயம் வந்தும் நிறுத்தவில்லை. தவறு அவளுடையது இல்லை. அழவைப்பவள் நான்.

காலையில் முட்டை பொரித்துக்கொண்டே லூஷியஸ் நான் அச்செடுத்து வைத்திருந்த நாவல் பக்கங்களைப் படித்தான். என் கணவன். இந்த லாஸ் ஏஞ்சலஸில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். இப்போது பஸ் இல்லாததால் என்னை ஓட்டுகிறான்.

"நோவா, ஒரு சந்தேகம். இந்தம்மா எப்பதான் சாப்பிடும்?"

"அது துயரமான பகுதி."

"துயரத்துல பசிக்காதா? எப்பப் பாரு ஜன்னலையே பாத்துக்கிட்டு நிக்கறா. படிக்கற எனக்கே கால் வலிக்குது."

என் அம்மா எனக்கு நொவெல்லா, அதாவது குறுநாவல், என்று பெயர் வைத்தாள். "பேர்லயே கதைப்புத்தகம் இருக்கு, மேஜை மேலதான் ஒண்ணும் இல்ல" என்பான் லூஷியஸ். இந்த ஒரு நகைச்சுவையை வைத்துக்கொண்டே என்னோடு குடும்பம் நடத்திவிட்டான்.

ஆர்ஸீலியா டப்ஸ். திரையில் ஆர்ஸீலியா ஃபான்டெய்ன். பெரிய ஸ்டுடியோக்கள் கறுப்பர்களான நம் முகத்தைக் கேலிக்கு மட்டுமே காட்டிய இருபதுகளில், நம் ஆட்களே சென்ட்ரல் அவென்யூ பக்கம் கொட்டகை போட்டு நமக்காக எடுத்த மௌனப் படங்களின் கதாநாயகி. டாக்டராக வந்தாள், துப்பறிந்தாள், குதிரையேறித் துரத்தினாள், காதலித்தாள். ஒரு படச்சுருள்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு சுவரொட்டியும், அவளுடைய மகள் மிஸ் ஐடபெல்லும்தான். சுவரொட்டியிடம் பேசுவது சுலபம்.

ஜனவரி 11, வியாழன்

ஒரு பத்தி எழுதினேன். இரண்டு பத்தியை அடித்து நீக்கினேன். கணக்குப்படி நேற்றைவிடப் பின்னால் இருக்கிறேன்.

ஜனவரி 16, செவ்வாய்

செவ்வாய் தோறும் மிஸ் ஐடபெல் வீட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ஒரே திருச்சபை, ஒரே வரிசை இருக்கை. எண்பத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூடப்பிறந்தவர்கள் கிடையாது. என்னை ரசிக்கிறாரா, பொறுத்துக்கொள்கிறாரா என்று இன்னும் தெரியவில்லை.

இன்று அவருக்கு என் பெருமைக்குரிய காட்சியை வாசித்துக் காட்டினேன். மௌனப் படங்கள் முடிந்து பேசும் படங்கள் வந்தபின், பெரிய ஸ்டுடியோ ஒன்று ஆர்ஸீலியாவை வேலைக்காரி வேஷத்துக்குக் கூப்பிடுகிறது. அவள் ஸ்டுடியோ வாசலில் நின்று, "என் இனத்தின் மானத்தை உங்கள் தட்டில் வைத்து ஏந்த மாட்டேன்" என்று தொடங்கி நீளமாகப் பேசிவிட்டு, மறையும் சூரியனை நோக்கி நடக்கிறாள்.

வாசித்து முடித்தேன். மிஸ் ஐடபெல் டீ கேக்கை மென்று முடித்தார்.

"கண்ணு, இது யாரு?"

"உங்கம்மாதான்."

"எங்கம்மாவுக்கு இவ்வளவு பேசற பொறுமை கிடையாது. மூணே வார்த்தையில ஆளைச் சாய்ச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க. அப்புறம், அந்த வேஷத்தை வேண்டாம்னு எல்லாம் சொல்லல. போனாங்க. போட்டாங்க. நிறைய போட்டாங்க."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் பார்த்துவிட்டார்.

"அப்படி மூஞ்சியைத் தொங்கப் போடாத. எந்திரி. இல்ல, உக்காரு. நீதான் வீட்டு எஜமானி."

டீ கோப்பைகள் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தார். நடந்து வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அது நடை மட்டும் இல்லை. தட்டு கொஞ்சமும் ஆடவில்லை, முகத்தில் அவ்வளவு பணிவு. என் முன்னால் குனிந்தார். இடது புருவம் மட்டும், ஒரே ஒரு புருவம், மெதுவாக மேலே போய், என் தலைமுடியைப் பார்த்தது, செருப்பைப் பார்த்தது, இறங்கிவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஏன் மடியில் இருந்த துண்டைச் சரிசெய்தேன்? ஏன் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது? அந்த நொடியில் நான்தான் அசட்டு எஜமானி. கொட்டகை முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

"வெள்ளைக்காரங்க கீழ உக்காந்து வேலைக்காரியைப் பாத்துச் சிரிச்சாங்க. நம்ம ஆளுங்க நமக்குன்னு ஒதுக்கின பால்கனியில உக்காந்து அந்த எஜமானியைப் பாத்துச் சிரிச்சாங்க. ரெண்டு கூட்டமும் ஒரே டிக்கெட் வாங்கினாங்க" என்றார். "இதை எழுது. அந்தச் சூரியனைத் தூக்கிக் குப்பையில போடு."

ஜனவரி 17, புதன்

சூரியனைக் குப்பையில் போட்டேன். போகவே மாட்டேன் என்றது. நல்ல வாக்கியம் வேறு.

என் சிக்கல் என்னவென்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து. பிறர் பேசியதை இருமல்கூட விடாமல் பதிவு செய்வது வேலை. யாரும் பேசாத ஒன்றை எழுத உட்கார்ந்தால் விரல்கள் நின்றுகொண்டு, "இதை யார் சொன்னது?" என்கின்றன. சொன்னவர் யாரும் இல்லாததால் சொற்பொழிவாக எழுதித் தள்ளுகிறேன். சொற்பொழிவுக்குச் சாட்சி வேண்டாம் அல்லவா.

பிப்ரவரி 6, செவ்வாய்

மிஸ் ஐடபெல் இன்று நல்ல மனநிலையில் இருந்தார். அவர் அம்மா சமைக்க மாட்டாராம், சமைத்தால் பக்கத்து வீட்டு நாய்கூட வராதாம். ஆனால் தலை பின்னுவதில் கெட்டிக்காரியாம்.

"எனக்குப் பின்னினா வலிக்கவே வலிக்காது. எல்லாப் பிள்ளைகளும் அவங்கம்மா மடியில கத்தும், நான் தூங்கிடுவேன். அது பழகின கை. என்னைப் பெத்தப்ப அவங்களுக்கு முப்பத்து நாலு வயசு, ஆனா அதுக்கு முன்னாடியே..."

அங்கே நிறுத்திவிட்டு, டீ ஆறிவிட்டது என்றார். ஆறவில்லை. சூடாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

வந்துவிட்டது! எங்கிருந்து என்று தெரியவில்லை!

ஆர்ஸீலியாவுக்கு ஒரு மகள். மிஸ் ஐடபெல் இல்லை, அதற்கு வெகு முன்னால், டெக்சஸில், பதினெட்டு வயதில் பெற்றவள். பெயர் பேர்ல். அவளைச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டுத்தான் ஆர்ஸீலியா ரயிலேறுகிறாள். அதனால்தான் அழுகிறாள்! இத்தனை நாளாக அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கே தெரியாமல் அழவைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே மூச்சில் எழுதினேன். விரல்கள் யாரையும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் கற்பனை செய்திருக்கிறேன். பாதுகாப்பான கற்பனையும்கூட, யாரையும் புண்படுத்தாது. அப்படி ஒரு மகள் இல்லவே இல்லையே.

லூஷியஸ் படித்தான். ஒரு கேலியும் செய்யவில்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

மார்ச் 8, வியாழன்

நியூயார்க்கிலிருந்து சபைன் கூப்பிட்டாள். ஒரு பதிப்பகத்தில் பதிப்பாசிரியர். நம் பெண்தான், சின்ன வயசு, வேகமாகப் பேசுவாள். போன வருஷம் அனுப்பிய பகுதிகளை "நேர்த்தியாக இருக்கிறது" என்று சொல்லித் திருப்பியவள். இந்த அத்தியாயத்தை அனுப்பியிருந்தேன்.

"நெஞ்சையே உலுக்கிடுச்சு, மிஸஸ் பெட்டிஃபோர்ட். இதுதான் புத்தகத்தோட உயிர். இதைச் சுத்தியே முழுசையும் கட்டுங்க. நாங்க எடுத்துக்கறோம்."

எடுத்துக்கறோம்! சமையலறையில் ஆடினேன். லூஷியஸ் கூடவே ஆடினான். முழங்கால் இரண்டும் அவனுடையது கெட்டது, என்னுடையது ஒன்று கெட்டது, ஆகவே சுருக்கமாக ஆடினோம்.

மார்ச் 13, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு போனேன். பீன்ஸும் பன்றி இறைச்சியும் ஒரு பாத்திரத்தில் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியை வைத்துத் தானே படிக்கிறேன் என்றார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பாராட்டு எந்த இடத்தில் வரும் என்று. வெட்கக்கேடு.

ரயில் கிளம்பும் இடத்தில் பூதக்கண்ணாடி நின்றுவிட்டது.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. கற்பனை."

"கோர்ட்டுல உக்காந்திருந்தவ நீ. எங்கயோ போய்த் தோண்டியிருக்க."

"மிஸ் ஐடபெல், சத்தியமா..."

"என் வீட்டுக்குள்ள சத்தியம் பண்ணாத. என் வீட்ல உக்காந்து, என் டீயைக் குடிச்சுட்டு, வாரா வாரம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு... எந்திரி."

எழுந்தேன். என் மேல்கோட்டை எடுத்துத் தந்தார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

அப்படின்னா — இருந்திருக்கா? உண்மையிலேயே ஒருத்தி இருந்திருக்காளா? நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்?

மார்ச் 14, புதன்

லூஷியஸிடம் சொன்னேன். வாணலியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"நீ ஒரு நாள் வந்து சொன்னியே. தலை பின்றதைப் பத்திப் பேசிட்டே இருந்தாங்க, பாதியில நிறுத்திட்டாங்கன்னு. 'அது பழகின கை'ன்னு. யாரு தலையில பழகின கை?"

நான் அதைக் கேட்டேன். கேட்டதாகவே தெரியாமல் கேட்டிருக்கிறேன். காது பதிவு செய்துகொண்டு, என்னிடம் சொல்லாமல் விரலுக்குக் கொடுத்துவிட்டது. நான் அதற்குக் கற்பனை என்று பெயர் வைத்துச் சமையலறையில் ஆடினேன்.

மார்ச் 20, செவ்வாய்

போனேன். திறக்கவில்லை. ஜன்னல் திரை அசைந்தது. என் பாத்திரம் வாசற்படியில் இருந்தது, பளபளவென்று கழுவி, காலியாக. நம்மில் யாரும் பாத்திரத்தைக் காலியாகத் திருப்ப மாட்டோம். ஒரு எலுமிச்சம்பழமாவது போட்டுத் தருவோம். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன், இரண்டு முறை. பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு

மிஸ் ஐடபெல் போட்டிருந்த தொப்பி சபையில் பாதியை மறைத்தது. எங்கள் வரிசையில் உட்காரவில்லை. ஆராதனை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றேன், வந்தால் வரட்டும் என்று. வந்தார்.

"லூஷியஸ் வந்து சொன்னான்" என்றார். "நான்தான் உளறியிருக்கேன், நீ தோண்டலன்னு. அவன் பொய் சொல்ல மாட்டான், அதுக்கான மூளை கிடையாது."

"கிடையாதுதான்" என்றேன்.

சிரிக்கவில்லை. ஆனால் காரில் ஏறி உட்கார்ந்து, கதவை மூடாமல், சொன்னார். அவருடைய அம்மா இறப்பதற்குச் சில நாள் முன்பு சொன்னாராம்: "உனக்கு ஒரு அக்கா இருக்கா, வில்லி மே. நான் விட்டுட்டு வந்துட்டேன்." அவ்வளவுதான். அடக்க ஆராதனையன்று கடைசி வரிசையில் சாம்பல் நிறத் தொப்பியோடு ஒரு பெண். உயரமாக. ஐடபெல் திரும்பிப் பார்த்தார், அந்தப் பெண்ணும் பார்த்தாள். சவப்பெட்டியைத் தூக்கும்போது இருக்கை காலியாக இருந்தது.

"நான் எந்திரிச்சுப் போயிருக்கணும்னு நீ சொல்லப் போற."

"நான் ஒண்ணும் சொல்லல."

"எனக்குத் தலை பின்னின கை. எனக்குக் கிடைச்ச எல்லாமே முதல்ல அவளோடது. அவகிட்ட போய் என்னன்னு சொல்றது? 'வணக்கம், நான்தான் அதை வாங்கிக்கிட்டவ'ன்னா?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துடு. அந்த அத்தியாயத்தை எடுத்துடு, நொவெல்லா."

என்னை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எடுத்துவிடுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 3, செவ்வாய்

எடுத்துவிட்டேன்.

சபைனிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். "காரணம் சொல்ல முடியுமா?" "முடியாது." "அப்போ புத்தகத்துல மிச்சம் என்ன இருக்கு?" "ஒரு தட்டு இருக்கு. ஒரு புருவம் இருக்கு." பார்க்கலாம் என்றாள். நியூயார்க்கில் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம்.

லூஷியஸ் இரவுச் சாப்பாட்டுக்கு அவனாகவே மீன் பொரித்தான். ஓட்டவே இல்லை. ஓட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 24, செவ்வாய்

மிஸ் ஐடபெல் வீட்டில் டீ. சினிமாவைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய இடுப்பு, என் முழங்கால், பாஸ்டரின் புதுக் கார்.

மே 13, அன்னையர் தினம்

அம்மா உயிரோடு இருப்பவர்கள் சிவப்புப் பூவும், இல்லாதவர்கள் வெள்ளைப் பூவும் குத்திக்கொண்டு சபைக்கு வந்தோம். ஆராதனை முடிந்ததும் மிஸ் ஐடபெல் என்னைத் தாண்டி நேராக லூஷியஸிடம் போனார்.

"நீ பஸ் ஓட்டினவன்தானே?"

"ஆமா, மேடம்."

"பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வழி தெரியுமா?"

வில்லி மே பிற்காலத்தில் அங்கே வந்து குடியேறி, அங்கேயே இறந்துபோனாராம். சபைப் பத்திரிகையின் இரங்கல் பக்கத்தில் பார்த்தாராம், வருஷக்கணக்காகிறது. ஒரு மகள் உண்டு என்று போட்டிருந்ததாம். அவ்வளவு பக்கத்தில். வாரக் கடைசியில் போய் வரும் தூரத்தில்.

லூஷியஸ் கார் நிறுத்துமிடத்திலேயே அந்த ஊர்ச் சபையின் டீக்கன் ஒருவருக்கு போன் போட்டான். அவர் இன்னொருவருக்குப் போட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்து ஷூ கழற்றுவதற்குள் பெயர், முகவரி, அவள் எந்தப் பாடகர் குழுவில் எந்தக் குரல் பாடுகிறாள் என்பதுவரை வந்துவிட்டது. கோரீன் ஹேவர்ட்.

"நீ வருஷக்கணக்கா ஆவணக் காப்பகத்துல தேடற" என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆர்ஸீலியாவோட ஷூ சைஸ்கூட வாங்கித் தந்திருப்பேன்."

அப்பாடா. பழையபடி ஓட்டுகிறான்.

மே 19, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

லூஷியஸ் காரை பஸ் மாதிரியே ஓட்டினான். திருப்பங்களில் பஸ் நிறுத்தங்களின் பெயர் வேறு சொன்னான். மிஸ் ஐடபெல் பின்னால், மடியில் டீ கேக் டப்பா. மலைப்பாதையில் ஏறும்போது, "திருப்பு, வீட்டுக்குப் போகலாம்" என்றார். "இது எக்ஸ்பிரஸ், மேடம். நடுவுல நிக்காது" என்றான்.

கதவைத் திறந்தவள் உயரமாக இருந்தாள். அறுபத்தொன்பது வயது. பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளாம். எங்களை மேலிருந்து கீழே பார்த்தாள், இடது புருவம் மட்டும் மெதுவாக மேலே போனது.

மிஸ் ஐடபெல் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நெரிந்தது.

"வாங்க, சித்தி" என்றாள் கோரீன். "எப்ப வருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். இவ்வளவு நாளா காரை எங்க நிறுத்தறதுன்னு இடம் தேடிட்டிருந்தீங்களா?"

எண்பத்து நான்கு வயதில் முதல்முறையாக ஒருத்தி அவரைச் சித்தி என்கிறாள். டப்பாவை நீட்டினார்.

கீரை, மக்காச்சோள ரொட்டி, கோழி. சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு மிஸ் ஐடபெல் துணிந்து கேட்டார். "உங்கம்மா... எங்கம்மா மேல ரொம்பக் கோபமா இருந்தாளா? விட்டுட்டுப் போனதுக்கு?"

"விட்டுட்டுப் போனதா? யாரு சொன்னா?"

"எங்கம்மாவே சொன்னாங்க."

கோரீன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "பாட்டி கூப்பிட வந்தாங்க, சித்தி. எங்கம்மாவுக்கு அப்ப ஒன்பது வயசு. பாட்டி ரயில்ல வந்து இறங்கினாங்களாம், தோள்ல நரி ரோமம், தொப்பியில இறகு. ஊரே வேடிக்கை பாத்துச்சாம். 'கிளம்பு, கலிஃபோர்னியா போறோம்'னாங்களாம். எங்கம்மா கேட்டாங்களாம், 'டியூக்கும் வருதா?'"

"டியூக் யாரு?"

"கோவேறு கழுதை."

லூஷியஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். புரை ஏறிவிட்டது.

"ரயில்ல கழுதையை ஏத்த மாட்டாங்கன்னு பாட்டி சொல்லியிருக்காங்க. 'அப்போ நான் வரல'ன்னுட்டாங்க எங்கம்மா. பொம்மை வாங்கித் தரேன், கடல் காட்டறேன், சினிமாவுல சேத்து விடறேன் — ம்ஹூம். ஒரு வாரம் தங்கிக் கெஞ்சியிருக்காங்க. கடைசியில அந்த நரி ரோமத்தோட வயல்ல இறங்கி, கழுதைகிட்டயே போய், 'நீயாவது சொல்லேன்'னு கேட்டாங்களாம்."

"கேட்டிருப்பாங்க" என்றார் மிஸ் ஐடபெல், மிக மெதுவாக. "கேக்கற ஆளுதான்."

"எங்கம்மா வேலி மேல உக்காந்து கையாட்டி அனுப்பினாங்களாம். 'நான்தான் அவங்களை அனுப்பி வெச்சேன்'னு கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க."

"அப்புறம்? அப்புறம் ஏன் வரல?"

கோரீன் மேஜைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்து விட்டாள்.

"கழுதை செத்ததும் மறுபடி கூப்பிட வருவாங்கன்னு எங்கம்மா காத்துக்கிட்டிருந்தாங்க. கழுதை செத்துப்போனதை பாட்டிக்கு யாரும் சொல்லல."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் முதலில் மிஸ் ஐடபெல்லைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிய, மேஜையைத் தட்டித் தட்டி. கோரீனும் சேர்ந்துகொண்டாள், ஒரே மாதிரி, மூச்சு வாங்கும் இடம்கூட ஒரே மாதிரி.

"ஒரு கழுதைக்காகவா! நான் இத்தனை வருஷமா—" அவரால் முடிக்க முடியவில்லை. "எங்கம்மா கழுதையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே!"

"அவங்களுக்கு அவமானமா இருந்திருக்கும், சித்தி. அவ்வளவு பெரிய நடிகை, கழுதைகிட்ட தோத்துப்போனேன்னு எப்படிச் சொல்வாங்க?"

சிரிப்பு அடங்கிய பிறகுதான் நிஜமான அழுகை வந்தது. கோரீன் எழுந்து வந்து சித்தியின் பின்னால் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, நரைத்த முடியைச் சும்மா தடவிக்கொண்டிருந்தாள். நானும் லூஷியஸும் தோட்டத்துக்குப் போய் அவளுடைய தக்காளிச் செடிகளை அவசியத்துக்கு மேல் பாராட்டினோம்.

கிளம்பும்போது கோரீன் இன்னொன்று சொன்னாள். பாட்டி நடித்த வேலைக்காரிப் படங்கள் வந்தபோதெல்லாம் அவள் அம்மா போய்ப் பால்கனியில் உட்காருவாராம். தட்டோடு பாட்டி உள்ளே வரும்முன்பே, கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால் சிரித்துவிடுவாராம்.

திரும்பும் வழியில் மலை இறங்கும்வரை மிஸ் ஐடபெல் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எழுதிக்கோ."

"நிஜமாவா?"

"எழுது. கோரீன்கிட்டயும் கேட்டுட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் கழுதையை அழவைக்காத. உன்னைத் தெரியும் எனக்கு."

மே 20, ஞாயிறு

என் பாத்திரம் வந்து சேர்ந்தது. நிறைய எலுமிச்சம்பழம்.

ஜூன் 26, செவ்வாய்

கழுதை அத்தியாயம் முடிந்தது. ஆர்ஸீலியா அழவில்லை. வயலில் செருப்பு புதைய நின்று, ஒரு மிருகத்திடம் வாதாடுகிறாள், தோற்கிறாள். ரயிலில் ஏறி நரி ரோமத்தில் ஒட்டிய வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டே போகிறாள். அவ்வளவுதான். எழுதி முடித்துவிட்டு நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டேன்.

ஜூலை 12, வியாழன்

சபைன் படித்துவிட்டாள். "அழகா எழுதியிருக்கீங்க. ஆனா நம்ப முடியலையே, மிஸஸ் பெட்டிஃபோர்ட். கழுதைக்காக ஒரு குழந்தை ஹாலிவுட்டை வேண்டாம்னு சொல்லுமா? முதல்ல எழுதினதுதான் உண்மையா இருந்தது."

நான் கற்பனை செய்ததை எல்லாரும் நம்பினார்கள். நடந்ததை நம்பும்படி எழுதத் தெரியவில்லையாம். நீதிமன்றத்தில் இதைப் பார்த்திருக்கிறேன், பல தடவை. அப்போதெல்லாம் தட்டச்சு செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

பழைய அத்தியாயம் வேண்டுமானால் ஒப்பந்தம் உண்டு என்றாள். நல்ல பெண். வேண்டாம் என்றேன். ஏன் என்று நீளமாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். லூஷியஸ் கேட்டுக்கொண்டிருந்தான். "மூணு வார்த்தையில முடிச்சிருக்கலாம்" என்றான். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான்.

ஆகஸ்ட் 23, வியாழன்

ஓக்லண்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் சின்னப் பதிப்பகம். வீட்டு முன்னறைதான் அலுவலகம். போனில் பேசும்போது பின்னால் யாரோ கழுதை பகுதியைச் சத்தமாக வாசித்துச் சிரிப்பது கேட்டது. வசந்த காலத்தில் வெளியிடுகிறார்களாம். மறுபடி ஆடினோம், இன்னும் சுருக்கமாக.

செப்டம்பர் 18, செவ்வாய்

மிஸ் ஐடபெல்லுக்கு போன் போட்டேன், வரலாமா என்று கேட்க.

"இன்னிக்கு முடியாது, கண்ணு. கோரீன் வந்திருக்கா. ரெண்டு வாரம் இருப்பா. கீரையில சர்க்கரை போடறா! இந்தக் குடும்பத்துல யாராவது கீரையில சர்க்கரை போட்டிருக்கோமா? அடுத்த வாரம் வா. இல்ல, அதுக்கும் அடுத்த வாரம். சமையலறையில நான் நிக்கணும், இல்லேன்னா—"

"சித்தி! அடுப்பு!"

"வரேன், வரேன்!"

போனை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விட்டார். வைக்கவில்லை. எங்கோ மேஜை மேல் கிடக்கிறது. தட்டுகள், குழாய்த் தண்ணீர், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவது. கோரீன் என்னவோ சொன்னாள். மிஸ் ஐடபெல், "இல்ல இல்ல, உன் பாட்டி அப்படிப் பண்ண மாட்டாங்க. நகரு, நான் செஞ்சு காட்டறேன்" என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கோரீன் சிரித்தாள்.

என்ன செய்து காட்டினாரோ, எனக்குத் தெரியாது. நான் கேள்விப்படாத ஒன்று. பேனா கையில்தான் இருந்தது, தாளும் எதிரில் இருந்தது.

மெதுவாக என் பக்கத்து போனை வைத்தேன்.